உச்சியில் ஒரு முடி

கஜபதி வீட்டுச் சாப்பாட்டில் முடி கிடந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளிப்பதென்று ஆரம்பித்தால் அந்த வீட்டில் ஒருவரும் ஒரு வேளைகூடச் சாப்பிட்டிருக்க முடியாது. திருத்தணியில் முடி இறக்கும் மண்டபத்தில் காலம் காலமாகக் கத்தி பிடிக்கிற மனிதர் அவர். பனியன் மடிப்பிலும் காது மடலிலும் டிபன் பாக்ஸ் மூடியிலும் ஊர்ப்பட்ட முடி ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேரும். சித்தூர்க்காரர் முடி, சென்னைக்காரர் முடி, பிறந்து ஒரு வருஷம் ஆகாத குழந்தைகளின் பூனைமுடி எல்லாம் கடைசியில் யோகலட்சுமி வைக்கும் ரசத்தில் மிதக்கும். “முருகனுக்குன்னு குடுத்தத நீங்க இன்னாத்துக்கு ஊட்டுக்கு இஸ்துகினு வரீங்க?” என்று அவள் கேட்பாள். கஜபதி முடியை எடுத்துத் தட்டோரம் போட்டுவிட்டு ரசத்தைக் குடிப்பார்.

கண்ணில் முடி விழுவதும் அப்படித்தான், சாதாரணம். யோகலட்சுமி முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து முறுக்கி, கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரே ஒற்றலில் எடுத்துவிடுவாள். அதற்குள் மனிதர் போடும் கூச்சல் தெருவுக்கே கேட்கும். ஊர்ப் பிள்ளைகளை அழவிடாமல் மொட்டை அடிக்கிறவர், தன் கண்ணில் ஒரு துணி நுனி பட்டால் தாங்க மாட்டார்.

பிள்ளைகள்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தார்கள். வேறு கையில் வீரிட்டு அலறுகிற குழந்தை இவர் கையில் ஏனோ அடங்கிவிடும். தண்ணீரை அப்படியே தலையில் ஊற்ற மாட்டார். உள்ளங்கையில் வைத்துச் சில்லிப்பு போனபிறகு தடவுவார். உச்சிக்குழிப் பக்கம் கத்தி வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். இது அவருக்கே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற எல்லப்பனுக்குத் தெரியும். எல்லப்பன் யோகலட்சுமியின் தம்பி. அக்கா புருஷனை வாய்நிறைய பாவா என்று கூப்பிடுவான், முதுகுக்குப் பின்னால்கூட.

கஜபதிக்கு ஒரே மகள், மோனிஷா. அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை செய்கிற சுதாகருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணம் ஆகி வெகுகாலம் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. பிறந்தால் முதல் முடி தணிகை முருகனுக்கு என்று மோனிஷா வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற கஜபதி, அந்த முடியை இறக்குவது என் கைதான் என்று தானும் சேர்ந்து வேண்டிக்கொண்டார். மகளுடைய வேண்டுதலில் பங்கு கேட்ட அப்பனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. போன மார்கழியில் கவிப்பிரியா பிறந்தாள். பதினோராம் மாதத்தில், கார்த்திகையில் மொட்டை என்று முடிவாயிற்று. மோனிஷாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது என்பதால், தாய்மாமன் இடத்தில் எல்லப்பன் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வான், கஜபதி கத்தி பிடிப்பார் என்றும் பேசி வைத்தார்கள்.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் காவடிக் கூட்டம் ஊரை நிறைத்துவிட்டது. மண்டபத்தில் தலை மாற்றித் தலை வந்துகொண்டே இருந்தது. பிளேடைப் பாதியாக உடைத்துக் கத்தியில் மாட்டுவதும் வழிப்பதும் அடுத்தவரைக் கூப்பிடுவதுமாகக் கஜபதி காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவரின் பின்னந்தலையை வழித்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் முடி விழுந்தது. கறுப்பாக, சற்று வளைந்து, நீளமாக. புறங்கையால் துடைத்தார். போகவில்லை. தண்ணீர் அடித்துக் கழுவினார். அப்போதும் போகவில்லை.

“எல்லப்பா, கண்ணுல முடி உழுந்துகீது, பாரு.”

எல்லப்பன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு இமையைப் புரட்டிப் பார்த்தான். “ஒண்ணும் காணமே பாவா.”

“இவ்ளோ நீட்டு கீதுடா. நல்லா பாரு.”

“எங்கனா உள்ளாற பூந்துகினு இருக்கும். ஊட்டாண்ட போனா அக்கா எட்த்துடும்.”

அதில் ஒரு விசித்திரம் இருந்தது; கஜபதி அதைக் கவனித்தார், ஆனால் பொருட்படுத்தவில்லை. முடி விழுந்தால் கண் உறுத்தும், நீர் கொட்டும். இது உறுத்தவே இல்லை. கண்ணை இடது பக்கம் திருப்பினால் முடியும் இடது பக்கம் மிதந்து போயிற்று; நிறுத்தினால் சற்றுத் தாமதித்து நின்றது. வேறு தொழில் செய்கிறவனாக இருந்தால் பயந்திருப்பான். இவருக்கு என்ன பயம்? ஆயுள் முழுக்க முடியோடு புழங்குகிற ஆளுக்குக் கண்ணில் கறுப்பாக ஒன்று தெரிந்தால் அது முடிதான்.

வீட்டில் யோகலட்சுமி முந்தானையை முறுக்கினாள். மேல் இமை, கீழ் இமை, மூக்கோரம் எல்லாம் துழாவினாள். அன்றைக்குக் கஜபதி கத்தவில்லை என்பதை அவளும் கவனிக்கவில்லை. ஒன்றும் வராததால் விளக்கெண்ணெய் விட்டாள். மறுநாள் ஒன்று மூன்றாயிற்று. அடுத்த நாள் ஒரு சிறு கொத்து. குவளைத் தண்ணீரில் உதறிய முடிபோலக் கண்ணுக்குள் மிதந்தது. கஜபதி வேலைக்கு நடுவில் கண்ணைக் கசக்கினார், சாப்பிடும்போது கசக்கினார், படுத்தபடி கசக்கினார். திருவிழாவுக்கு வந்திருந்த மோனிஷா, “தாய்ப்பால் உட்டா வந்துடும் நைனா” என்று சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் பிடித்துக் கொடுத்தாள். யோகலட்சுமி அதையும் சொட்டுச் சொட்டாக விட்டாள். பேத்தி குடிக்கிற பாலைத் தான் வாங்கிக்கொண்டதில் கஜபதிக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. “என் பங்கு உனுக்கு இன்னாத்துக்குத் தாத்தான்னு கேக்கறா பாரு” என்று குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்.

இந்த இடத்தில் அந்த வீட்டையே பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு இருக்கிறது. மூன்று பேருக்கும் கஜபதிமேல் உயிர். மூன்று பேரும் சேர்ந்து இல்லாத முடியை நாள்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சர்க்கரை இருப்பது எல்லோருக்கும் தெரியும். நினைப்பு வந்தால் மாத்திரை போடுவார், பக்தர்கள் பிரியமாகக் கொடுக்கிற பஞ்சாமிர்தத்தை நினைப்பு வராமலே சாப்பிடுவார். சர்க்கரைக்கும் கண்ணில் விழுந்த முடிக்கும் என்ன உறவு என்று யாருக்குத் தோன்றும்?

கூட்டம் ஓய்ந்த ஒரு காலையில் கஜபதி தண்ணீர் நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தார். ஒரு குழந்தை காத்திருந்தது. வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வலது கண்ணில் மேலிருந்து கீழாகச் செந்நிறமாக ஏதோ இறங்கியது. குழந்தையின் தலை சிவந்தது. பிறகு பழுப்பானது. பிறகு அந்தத் தலை இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. வலி கொஞ்சமும் இல்லை. இடது கண்ணை மூடிப் பார்த்தார். மண்டபமும் இல்லை, குழந்தையும் இல்லை, எல்லப்பனும் இல்லை. கத்தியை எடுக்க நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

“எல்லப்பா, இந்தப் பாப்பாவ நீ பாரு.”

“இன்னா பாவா?”

“நீ பாரு, சொல்றன்.”

சுதாகர் லீவு போட்டுவிட்டு மாமனாரைச் சென்னைக்கு ரயிலில் அழைத்துப் போனான். பெரிய கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டுக் காக்க வைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்து, மூடிய இமைமேல் பசை தடவி ஒரு கருவியை ஓட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையாகப் பேசினார்.

“கண்ணுக்குள்ள முடியெல்லாம் எதுவும் இல்லீங்க ஐயா. அது ரத்தம்.”

“ரத்தமா? வலியே இல்லீங்களே.”

“வலிக்காது. ரொம்ப வருஷமா சுகர் இருந்ததால கண்ணோட பின்பக்கத்துல புதுசா, பலமில்லாத ரத்தக் குழாய்ங்க முளைச்சிருக்கு. அதுல ஒண்ணு உடைஞ்சிருக்கு. முதல்ல கசிஞ்சதுதான் உங்களுக்கு முடி மாதிரி தெரிஞ்சது. அப்புறம் நிறைய இறங்கிடுச்சு. கண்ணுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல கலந்து வெளிச்சத்த மறைக்குது. நூல் மாதிரி தெரிஞ்ச அன்னைக்கே வந்திருக்கணும்.”

கஜபதி சுதாகரைப் பார்த்தார். சுதாகர் தரையைப் பார்த்தான். விளக்கெண்ணெய் பற்றியும் பால் பற்றியும் இருவருமே வாய் திறக்கவில்லை.

“இப்ப இன்னாம்மா பண்றது? எடுத்துட முடியுங்களா?”

“கொஞ்ச நாள் பார்ப்போம். தானா வடியலாம். வடியலேன்னா ஆபரேஷன். இடது கண்ணுலயும் அதே மாதிரி குழாய்ங்க இருக்கு, இன்னும் உடையல. அதுக்கு லேசர் வெச்சுடறேன். சுகரைக் கண்டிப்பா குறைக்கணும். தலைய உயர்த்தி வெச்சுப் படுங்க. கனமா எதையும் தூக்கக் கூடாது. குனியக் கூடாது.”

“குனியாம எப்டிங்க? எங்க வேலையே குனியறதுதானுங்களே.”

“அந்த வேலை இப்போதைக்கு வேண்டாம்.”

“லேசர் வெச்சா அந்தக் கண்ணுல வராதுங்களா?”

“வராம இருக்கத்தான் வைக்கிறோம். வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க ஐயா” என்றார் டாக்டரம்மா. அந்த ஒளிவுமறைவு இல்லாத பேச்சைக் கஜபதி மதித்தார். ஆனால் இடது கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டு திரும்பி வரும் ரயிலில் அந்த ஒரு வாக்கியம்தான் அவர் மனசில் திரும்பத் திரும்ப ஓடியது.

அதன்பிறகு அவர் செய்வதற்கென்று ஒரு வேலையும் இல்லை. சும்மா இருப்பதுதான் வைத்தியம் என்றால் எந்த மனிதன்தான் ஒழுங்காகச் செய்வான்? தலையணைமேல் தலையணை அடுக்கிச் சாய்ந்து கிடந்தார். கீழே விழுந்த சீப்பை எடுக்கக் குனியப் போனால் யோகலட்சுமி சமையலறையிலிருந்தே அதட்டினாள். சாமி படத்துக்கு முன்னால்கூட நெட்டுக்குத்தாக நின்று கும்பிட்டார். பஞ்சாமிர்தத்தை அடியோடு விட்டார். மாத்திரையை அவளே எடுத்து வாயில் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னபடி செய்தார், ஆனால் செய்ததற்கும் கண்ணில் நடப்பதற்கும் சம்பந்தம் இருப்பதாகவே தெரியவில்லை. ரத்தம் தன் இஷ்டத்துக்கு இருந்தது. பயம் வந்தது. அதை வெளியே சொன்னால் யோகலட்சுமி உடைந்துவிடுவாள் என்று உள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மலைப்பக்கம் பார்ப்பார். முதலில் பகலா இரவா என்பது மட்டும் தெரிந்தது. பிறகு பழுப்பு கொஞ்சம் வெளுத்து, மலை ஒரு கறையாகத் தெரிந்தது. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் கறைக்கு மேலே கோபுரம் தெரிந்தது. கலசம்வரை தெரிந்தது.

“ஏ யோகா, கோபுரம் தெர்து!”

அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். அன்றைக்கு அரக்கோணத்துக்கு, எல்லப்பனுக்கு, பால்காரருக்கு என்று எல்லோருக்கும் சேதி போயிற்று. போனில் மோனிஷா அழுதாள். “அப்ப பாப்பாவுக்கு நீயே எட்த்துடு நைனா” என்றாள்.

“ஆங், பின்ன? வேற யாரு எடுப்பா?”

யோகலட்சுமிக்குச் சம்மதம் இல்லை. இத்தனை நாள் டாக்டரம்மா சொன்னபடி எல்லாம் கேட்டவர், கோபுரம் தெரிந்ததும் குனியக் கூடாது என்பதை மறந்துவிட்டதாகச் சொன்னாள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வதாகக் கஜபதி வாதாடினார். நடுவில் மாட்டிக்கொண்ட எல்லப்பன், “பாவா, மொதல்ல எனுக்கு அடிச்சிப் பாரு. எனுக்கும் ஒரு வேண்டுதல் கீது” என்று வந்து உட்கார்ந்தான். அவனுக்கு ஒரு வேண்டுதலும் கிடையாது. அக்காவுக்கும் தெரியும்.

கஜபதி ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீரை உள்ளங்கையில் வைத்திருந்து தடவினார். கத்தி கையில் ஏறியதும் உடம்புக்கே தெம்பு வந்துவிட்டது. முன்பக்கம் சுத்தமாக வந்தது. பின்னந்தலை மேட்டில் திரும்பும்போது வலது கண்ணின் மங்கலும் இடது கண்ணின் தெளிவும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, தலை எங்கே முடிகிறது என்பது ஒரு கணம் தெரியாமல் போயிற்று. கத்தி நின்றது. எல்லப்பன் அசையவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பின்னந்தலையில் வைத்து அழுத்திக்கொண்டான்.

“பட்டுச்சாடா?”

“ஒண்ணும் இல்ல பாவா. தண்ணி.”

தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் விரலில் பிசுபிசுப்பு வேறு. கஜபதி கத்தியைக் கழுவினார், பிளேடைக் கழற்றிப் போட்டார், கத்தியை டப்பாவில் வைத்து மூடினார். “பாப்பாவுக்கு நீ எடு எல்லப்பா. நான் மடியில வெச்சிக்கறன்” என்றார். எல்லப்பன் சிவந்த துண்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டான்.

இருக்கிற கண்ணுக்குக் குழந்தை முகம் தெரிகிறதே, அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை நம்பவும் செய்தார் என்றுதான் நினைக்கிறேன்.

கார்த்திகையில் மொட்டை நாளன்று வெயில் இதமாக இருந்தது. கஜபதி புது வேட்டி கட்டி, தன் இடத்துக்கு எதிர்ப்புறம், வாழ்நாளில் முதல் தடவையாக முடி கொடுக்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் கவிப்பிரியா. தாடையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டார். எல்லப்பன் தண்ணீரை உள்ளங்கையில் வைத்திருந்து, பாவா செய்வதுபோலவே தடவினான். முன்நெற்றியில் கத்தி இறங்கியதும் சுருள் முடி வேட்டிமேல் விழுந்தது. குழந்தை சிணுங்கியது, தாத்தாவின் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு அடங்கியது. உச்சிக்குழிப் பக்கம் கத்தி வந்தபோது கஜபதி மூச்சைப் பிடித்துக்கொண்டார். எல்லப்பனும் பிடித்துக்கொண்டான்.

“அவ்ளோதான், ஆய்ப்போச்சி” என்று எல்லப்பன் கத்தியை எடுத்தான். மோனிஷா சிரிப்பும் அழுகையுமாகச் சுதாகரின் கையைப் பிடித்தாள். யோகலட்சுமி சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். மனசு நிறைந்து போன கஜபதி குழந்தையின் உச்சியில் முத்தம் கொடுக்கக் குனிந்தார். யாரும் அதட்டவில்லை. எப்படி அதட்டுவார்கள்?

நிமிர்ந்தபோது சிரிப்பு வந்தது அவருக்கு. “ஏன்டா எல்லப்பா, உச்சியில ஒண்ண உட்டுட்டியே.”

எல்லப்பன் எட்டிப் பார்த்தான். “எங்க பாவா?”

“இதோ, இவ்ளோ நீட்டு. எனுக்கே தெர்து, உனுக்குத் தெரியலியா?”

எல்லப்பன் ஈர விரலால் உச்சி முழுக்கத் தடவினான். இன்னொரு தடவை தடவினான். அவன் முகம் மாறியது. மோனிஷா குனிந்து பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். “ஒண்ணும் இல்ல நைனா. வழவழன்னு கீது” என்று மெதுவாகச் சொன்னாள்.

கஜபதி மகளை நிமிர்ந்து பார்த்தார். முடி அவள் கன்னத்தில் இருந்தது. எல்லப்பனைப் பார்த்தார். அவன் சட்டையில் இருந்தது. மண்டபத்துச் சுவரைப் பார்த்தார். அது சற்றுத் தாமதித்து, மிதந்து வந்து சுவரில் நின்றது. கையைத் தூக்கி வலது கண்ணை அழுத்திப் பொத்திக்கொண்டார். புகை போயிற்று. முடி போகவில்லை.

இடது கண்.

யோகலட்சுமி கிண்ணத்தைப் பிடித்தபடியே நின்றாள். “இன்னாங்க? இன்னா ஆச்சி?” என்றாள். கஜபதி கிண்ணத்தை வாங்கினார். மூன்று விரலால் சந்தனத்தை வழித்து, குழந்தையின் உச்சியில், அந்த முடி தெரிந்த இடத்தில் தடவினார். மேலும் எடுத்துத் தடவினார். அது சந்தனத்துக்கு மேலே தெரிந்தது. இன்னும் எடுத்து அப்பினார்.

மோனிஷா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “போதும் நைனா. பாப்பா கண்ணுல எறங்குது.”

கஜபதி கையை எடுத்துவிட்டார். குழந்தை சந்தன வாசனையில் தும்மியது, தாத்தாவைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பின் குறுக்கே முடி கிடந்தது.